விரித்துச் சொன்னால் விளங்கிவிடுமா?

காலையில் பட்டரைவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு நடக்கிற கூட்டத்தோடு நடந்தால் காதில் விழுவதில் பாதி எழுத்துகள்தான். "நேத்து ஓ.டி. பாத்தியா?" "எனக்கு சி.எல். தீர்ந்துபோச்சுடா." "இந்த மாசம் பி.எஃப். ஏறவே இல்ல." "இன்னிக்கு எங்க லைன்ல ஐ.எஸ்.ஓ. ஆடிட்." யாருக்கும் நாக்கு தடுமாறாது. நின்று கேட்டால்தான் தெரியும், சொல்கிறவர்களில் பலருக்கு அந்த எழுத்துக்குப் பின்னால் இருப்பது என்னவென்று தெரியாது என்பது.

நான் திருமுல்லைவாயில்காரன். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு 1980களில் எஸ்டேட்டுக்குள் போனேன். லேத்திலிருந்து இன்ஸ்பெக்‌ஷன், அங்கிருந்து குவாலிட்டி, பிறகு பல கம்பெனிகளுக்குப் போய் வகுப்பெடுப்பது, தமிழில் வேலைக் குறிப்பு எழுதிக் கொடுப்பது என்று வாழ்க்கை நகர்ந்தது. இந்த எழுத்துச் சுருக்கங்களைத் தொழிலாளிக்குப் புரிய வைப்பதே எனக்குச் சோறு போட்ட வேலை. இத்தனை வருஷத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. சுருக்கத்தை விரித்துச் சொல்வதால் யாருக்கும் எதுவும் விளங்குவதில்லை. அந்த எழுத்து தன் முன்னால் வந்து நின்றால் தன் கை என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் எங்கே யாருக்கு அடி விழும் என்று தெரிந்தால்தான் ஒருவருக்கு அது விளங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இதை எனக்கு முதலில் காட்டியவர் லேத்தில் எனக்கு மூத்த டர்னர் ஒருவர். டிராயிங்கில் ஓர் இடத்தில் எம்.எஸ். என்றிருக்கும், இன்னோர் இடத்தில் ஈ.என். 8 என்றிருக்கும். "ஈ.என்.னா என்னண்ணே?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஸ்கிராப் தொட்டியிலிருந்து இரண்டு துண்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு கிரைண்டிங் வீலுக்குப் போனார். முதல் துண்டை வைத்தார். தீப்பொறி நீளமாக, கோடு கோடாகப் போனது. அது எம்.எஸ். அடுத்ததை வைத்தார். கோட்டின் நுனியில் பூ வெடிப்பதுபோலப் பொறி பல கிளையாகச் சிதறியது. "இதான் ஈ.என். எட்டு. கார்பன் ஜாஸ்தி. ஹார்டனிங் போட்டா ஏறும். ஷாஃப்ட்டுக்கு இதத்தான் போடணும். ரெண்டு கம்பியும் கலந்து கிடந்தா கண்ணுக்குத் தெரியாது, வீல்ல வச்சுப் பாரு" என்றார். கம்பி முனையில் பெயின்ட் அடித்து வைக்கும் பழக்கம் எதற்கென்றும் அன்றைக்குத்தான் புரிந்தது. ஈ.என். என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டன்காரர்கள் எஃகு வகைகளுக்குப் போட்ட அவசர கால எண் என்பதைப் பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். தெரிந்துகொண்டதில் மகிழ்ச்சிதான். ஆனால் ஷாஃப்ட் கடைந்த கைக்கு வேண்டியதை அந்தப் பொறி அப்போதே கொடுத்துவிட்டது.

அந்தக் காலத்தில் சுருக்கங்கள் குறைவு. இருந்தவையும் டிராயிங்கில் இருந்தன. பேச்சில் அளவுகள்தான் புழங்கின. தச்சரும் ஃபிட்டரும் "ஒரு நூல் விடு" என்பார்கள், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. டர்னர்கள் "பத்து தௌ எடு" என்பார்கள், ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, ஏறக்குறைய 25 மைக்ரான். நாடு 1956-லேயே மெட்ரிக் அளவுக்குச் சட்டம் போட்டுவிட்டது. எங்கள் டிராயிங்கும் மில்லிமீட்டரில்தான் வரும். ஆனாலும் பெரியவர்கள் மனதுக்குள் தௌவில் போட்டுத்தான் கையை நகர்த்துவார்கள். புதிதாக வந்த பையன் மைக்ரான் என்றால் விழிப்பான், தௌ என்றால் கையை நகர்த்துவான். அவனுக்குத் தெரிந்த அளவிலிருந்து தெரியாத அளவுக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் வழி. பின்னாளில் என் வகுப்புகளின் அடிப்படையே இதுதான்.

வெள்ளம்போல எழுத்துகள் வந்தது 1990களில். ஐ.எஸ்.ஓ. 9000 தரநிலை உலகத்தில் 1987-ல் வெளியானது. நம் பக்கம் அது பரவ ஐந்தாறு வருஷம் ஆனது. பாடியில் இருந்த பெரிய கம்பெனிகள் சான்றிதழ் வாங்கின. அடுத்து, தங்களுக்குப் பாகம் செய்து கொடுக்கிற எஸ்டேட் பட்டறைகளையும் வாங்கச் சொன்னார்கள். தெருத் தெருவாக "ஐ.எஸ்.ஓ. 9002 சான்று பெற்ற நிறுவனம்" என்ற போர்டு ஏறியது. டிசைன் இல்லாமல் உற்பத்தி மட்டும் செய்கிற இடங்களுக்கு 9002. 2000-ல் வந்த திருத்தத்தில் அந்த எண்ணே எடுக்கப்பட்டு எல்லாம் 9001 ஆகிவிட்டது. ஆனால் போர்டுகள் பல வருஷம் அப்படியே இருந்தன.

அந்த வருஷங்களில் நடந்த ஒரு காரியம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. ஆடிட் வருகிறது என்றால் ஒரு வாரம் முன்னாலிருந்தே தொழிலாளிகளைத் திருக்குறள் ஒப்பிக்கிற பிள்ளைகள்போல நிற்க வைப்பார்கள். "ஐ.எஸ்.ஓ. விரிவு என்ன? குவாலிட்டி பாலிசி என்ன?" நாற்பது வயது ஆள், ஆறு பிள்ளைகளுக்கு வேலை கற்றுக் கொடுத்தவர், ஆங்கில வாக்கியத்தைச் சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொண்டு வியர்ப்பார். ஆடிட்டர் கேட்டு, அவர் சொல்லி, டிக் விழும். அதே மனிதரிடம் "இந்த ஜாப்ல போர் சைஸ் கூடிட்டா என்னண்ணே செய்வீங்க?" என்று கேட்டிருந்தால், அந்தத் தரநிலை எதை எதிர்பார்க்கிறதோ அதை அட்சரம் பிசகாமல் சொல்லியிருப்பார்: தனியே வைப்பேன், முன்னால் கடைந்ததை எல்லாம் திரும்ப அளப்பேன், டூலைப் பார்ப்பேன், சூப்பர்வைசரைக் கூப்பிடுவேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

தமிழில் வேலைக் குறிப்பு எழுத நான் உட்கார்ந்தது அப்போதுதான். ஆங்கிலக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி தமிழாக்கினால் அது யாருக்கும் உதவாது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்தது. ஆகவே ஒரு முழு ஷிஃப்ட் அந்த மெஷின் பக்கத்தில் நிற்பேன். ஓட்டுகிறவரையே சொல்லச் சொல்வேன். அவர் சொல்லும் வரிசையிலேயே எழுதுவேன். பிசிறு, கூலன்ட், ஜாப், கேஜ், அவர் வாயில் என்ன வருகிறதோ அதையே போடுவேன். எழுதியதை அந்த மெஷினில் நிற்காத வேறொருவரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் ஓரமாக நிற்பேன். எந்த வரியில் அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாரோ அந்த வரி இன்னும் சரியாகவில்லை.

கலைச்சொல் ஆக்குகிறவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மணவை முஸ்தபா போன்றவர்கள் தனி ஆளாக உட்கார்ந்து அகராதிகள் செய்திருக்கிறார்கள். பாடப் புத்தகத்துக்கும் அறிவியல் கட்டுரைக்கும் அது இல்லாமல் முடியாது. பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிற ஆளுக்கு மட்டும், நேற்று வரை அவர் சொன்ன சொல்லை இன்றைக்கு மாற்றினால் ஒரு நிமிஷம் தயக்கம் வரும். பிரஸ்ஸில் அந்த ஒரு நிமிஷத் தயக்கம் விரலுக்கு ஆபத்து. அதனால் அங்கே புழங்கும் சொல்லே போதும் என்பது என் முடிவு.

ஒரே எழுத்துக்கு இரண்டு பொருள் இருப்பது இன்னொரு தொல்லை. சி.எல். என்றால் கேஷுவல் லீவு, எச்.ஆர். தாளில் அதுவே கான்ட்ராக்ட் லேபர். எம்.ஆர்.பி. என்றால் வீட்டில் சோப்பு விலை, ஸ்டோர்ஸில் எந்தப் பொருள் எப்போது எவ்வளவு வாங்க வேண்டும் என்ற கணக்கு. கியூ.சி. என்றால் தரச் சோதனை, தொழிலாளிகள் கூடிப் பேசுகிற குவாலிட்டி சர்க்கிளும் அதே கியூ.சி. இவற்றால் குழப்பம்தான் வரும். என்.சி.யால் நஷ்டமே வந்தது.

அது வளர்ந்துகொண்டிருந்த ஒரு கம்பெனி. பழைய லேத்களுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் மெஷின்கள் புதிதாக இறங்கியிருந்தன. தொழிலாளிகள் அந்த வரிசையை "என்.சி. பக்கம்" என்பார்கள். குவாலிட்டித் துறைக்கோ என்.சி. என்றால் நான் கன்ஃபார்மிங், தரத்தில் தேறாத பாகம். ஒரு மாலை, அளவு தப்பிய ஹவுசிங் டிரே ஒன்றில் "என்.சி." என்று சீட்டுக் கட்டிவிட்டு இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். நைட் ஷிஃப்ட்டுக்கு வந்த கான்ட்ராக்ட் பையன் சீட்டைப் படித்தான். படித்ததை நம்பினான். டிரேயைத் தள்ளிக்கொண்டு போய் என்.சி. மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டான். அங்கே இருந்தவர்கள் அடுத்த ஆபரேஷனுக்கு ஏற்றிவிட்டார்கள். காலையில் மொத்த லாட்டும் ஸ்கிராப். பையனை நிறுத்தவேண்டும் என்றுதான் பேச்சு நடந்தது. சீட்டில் இருந்ததை அவன் சரியாகத்தான் படித்தான், செய்யச் சொன்னதைத்தான் செய்தான் என்று நான் வாதாடினேன். சீட்டு மாறியது. சிவப்புத் தாளில் கொட்டை எழுத்தில் "அளவு தப்பியது. எடுக்கக் கூடாது", கீழே யார் எழுதினார், என்ன தப்பு, யார் வந்து முடிவெடுப்பார் என்று மூன்று வரி. டிரேயும் சிவப்பு, வைக்கும் இடத்துக்குக் கம்பிக் கூண்டு, கூண்டுக்குப் பூட்டு. பையன் வேலையில் நீடித்தான்.

1998-ல் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்கு, தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசு கிடைத்தது. இந்தியாவில் அதை வாங்கிய முதல் கம்பெனி அதுதான். 2004-ல் லூகாஸ் டி.வி.எஸ்.ஸும் வாங்கியது. ஒரே வட்டாரத்தில் இப்படி நடந்தபோது சப்ளையர்களிடமும் புதுப் பேச்சு வந்துசேர்ந்தது: டி.கியூ.எம்., டி.பி.எம்., ஃபைவ் எஸ், கைசன், போகா யோக்கே. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியபிறகு "ரிஜெக்ட்" என்ற இடத்தில் "என்.ஜி." என்று சொல்கிற பழக்கம் சிறு பட்டறை வரை வந்துவிட்டது. இதில் ஜப்பானிய முறைகளை நான் மனதார வரவேற்றேன். வார்த்தை புதிதாக இருந்தாலும் காரியம் கண்ணால் பார்க்கக்கூடியது. போகா யோக்கே என்று வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட, பாகத்தைத் திருப்பி வைத்தால் உட்காரவே உட்காராத ஒரு ஃபிக்சரைக் கையில் கொடுத்து "தப்பா வச்சுக் காட்டுங்க பார்ப்போம்" என்றால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத, தாளில் மட்டுமே இருக்கிற சுருக்கங்கள்தான் கடினம். எஃப்.எம்.இ.ஏ. அப்படி ஒன்று. ஒரு பாகம் எப்படியெல்லாம் கெடலாம், கெட்டால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசித்து எழுதுகிற அட்டவணை. மூன்று மதிப்பெண், ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து பத்து வரை: விளைவு எவ்வளவு மோசம், எவ்வளவு அடிக்கடி வரும், நம்மைத் தாண்டிப் போகாமல் பிடிப்பது எவ்வளவு கஷ்டம். மூன்றையும் பெருக்கினால் ஆர்.பி.என். பல இடங்களில் ஆஃபீஸில் உட்கார்ந்து இன்ஜினியர் ஒருவரே நிரப்பி ஃபைலில் வைத்துவிடுவார்.

எங்கள் ஊரில் பெண்கள் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே இருசக்கர வண்டிக்கு வயரிங் ஹார்னஸ் கட்டுகிற ஒரு சிறு கூடத்தில் வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்த பெண்களில் பலர் பத்தாவது வரை படித்தவர்கள். எஃப்.எம்.இ.ஏ. என்ற சொல்லையே நான் முதலில் எடுக்கவில்லை. ஒரு வயரும் டெர்மினலும் எடுத்து மேஜையில் வைத்தேன். "இது எப்படியெல்லாம் கெட்டுப்போகும்னு சொல்லுங்கம்மா" என்றேன்.

ஆளுக்கு ஒன்றாக வந்தது. கிரிம்ப் உயரம் கூடினால் வயர் கழன்றுவிடும். குறைந்தால் இழை நசுங்கிவிடும். மேல் தோல் உள்ளே மாட்டிக்கொண்டால் கரன்ட் போகாது. ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து, "சார், வயர் சீவும்போது உள்ள ஒண்ணு ரெண்டு இழை அறுந்துடும். மேல கிரிம்ப் போட்டுட்டா வெளிய தெரியவே தெரியாது" என்றார். "அறுந்தா என்னம்மா ஆகும்?" "மொதல்ல ஒண்ணும் ஆகாது சார். வண்டி குண்டு குழில போகப் போக மீதி இழையும் அறும். ஹெட்லைட் வயரா இருந்தா ராத்திரில பொசுக்குனு அணைஞ்சுடும்." கூடம் அமைதியானது. அங்கே இருந்த பல பேருடைய வீட்டுக்காரரும் தம்பியும் நைட் ஷிஃப்ட் முடிந்து சி.டி.எச். ரோட்டில் வண்டியில் வருகிறவர்கள்.

அப்போதுதான் தாளைக் காட்டினேன். அதே கேடு அட்டவணையில் இருந்தது. விளைவு 9, அடிக்கடி 2, பிடிப்பது 5, மொத்தம் 90. அந்தப் பெண் தாளைப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டுங்கிறது தப்பு சார்" என்றார். பிளேடு புதுசா இருக்கும்போது வராது, மழுங்கின பிறகு ஒவ்வொரு நாளும் வருகிறது, மாற்றச் சொன்னால் எண்ணிக்கை முடியட்டும் என்கிறார்கள் என்றார். உடன் இருந்த இன்ஜினியர் நல்ல மனிதர். அங்கேயே பேனாவை எடுத்து 2-ஐ 5 ஆக்கினார். மொத்தம் 225 ஆனது. அந்த வாரமே பிளேடு மாற்றும் கணக்கு நாளை வைத்து என்பது போய், எத்தனை வெட்டு என்பதை வைத்து வந்தது. வயர் சீவியதும் கிரிம்ப்புக்கு முன்னால் இழையை எண்ணிப் பார்க்கும் பூதக்கண்ணாடி ஒன்றும் வந்தது. விரிவை மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தால் அந்த 2 அப்படியே இருந்திருக்கும். விளங்கிய ஆள் தாளைத் திருத்துகிறார், இதற்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

அந்தப் பெருக்கல் முறையிலும் ஒரு குறை இருந்தது. ஹெட்லைட் அணைவது 9, 2, 5 என்று 90. பெயின்ட் லேசாகக் கீறுவது 3, 6, 5 என்று அதுவும் 90. உயிர் போகிற கேடும் கீறலும் ஒரே எண்ணில் நிற்கும். 2019-ல் அமெரிக்க, ஜெர்மானிய வாகனத் துறை அமைப்புகள் சேர்ந்து கொண்டுவந்த கையேட்டில் ஆர்.பி.என்.னை எடுத்துவிட்டு, உடனே கவனிக்க வேண்டியது, நடுத்தரம், குறைவு என்று மாற்றினார்கள். விளைவுக்கு முதலிடம். தொழிலாளிகளிடம் இதைச் சொன்னபோது யாருக்கும் ஆச்சரியமே இல்லை. அவர்கள் மனதில் அந்த வரிசைதான் முதலிலிருந்தே இருந்தது.

எண்ணைச் சொல்லும்போது கேட்பவருடைய அளவுக்கு இறக்கிச் சொல்ல வேண்டும். பி.பி.எம். என்றால் பத்து லட்சத்துக்கு இத்தனை. கஸ்டமர் 50 பி.பி.எம். கேட்கிறார் என்று போர்டில் எழுதி வைத்திருப்பார்கள். பத்து லட்சம் பீஸை வாழ்நாளில் பார்க்காத கூடத்தில் 50 என்பது தாராளமான எண்ணாகத் தோன்றும். அந்தக் கூடம் மாதம் 20,000 பீஸ் அனுப்புகிறது என்றால் 50 பி.பி.எம். என்பது மாதத்துக்கு ஒரே ஒரு பீஸ். "மாசத்துக்கு ஒண்ணுக்கு மேல திரும்பி வரக்கூடாது" என்று எழுதச் சொன்னேன். அன்றைக்கே பேக்கிங்கில் இருந்தவர் எதிரே ஒரு டியூப் லைட் கூடுதலாகக் கேட்டார்.

2005, 2006 வாக்கில் எஸ்டேட் பிளேட்டிங் பட்டறைகளில் ஒரு பதற்றம். "ரோஸ்" கேட்கிறார்கள் சார், "ரோஸ்" இல்லாவிட்டால் ஆர்டர் இல்லையாம் என்று ஒரு முதலாளி வந்து நின்றார். ஐரோப்பாவில் மின்னணுச் சாதனங்களுக்கான ரோஸ் சட்டம் 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஈயம், பாதரசம், காட்மியம், ஆறு இணைதிறன் குரோமியம், இன்னும் இரண்டு தீத்தடுப்பு ரசாயனங்கள் என்று ஆறு பொருளுக்கு வரம்பு. வாகனங்களுக்குத் தனியே இ.எல்.வி. சட்டம், அதில் அந்தக் குரோமியத்துக்கு 2007 ஜூலை கெடு. அவரிடம் இருந்ததோ பத்துப் பக்க ஆங்கிலப் படிவம். அந்தப் படிவத்தை மூடி வைத்துவிட்டு அவருடைய பட்டறைக்குள் போனேன். துத்தநாகப் பூச்சு முடிந்ததும் போல்ட்டுகளை முக்கி எடுக்கிற மஞ்சள் பாசிவேஷன் தொட்டி முன்னால் நின்றேன். "அண்ணே, இந்த ஆறுல உங்க சம்பந்தப்பட்டது முக்கியமா இந்தத் தொட்டி. இந்த மஞ்சளுக்குக் காரணம்தான் அவங்க வேண்டாங்கிற குரோமியம். டிரைவேலன்ட் கரைசலுக்கு மாறணும், பி.எச்.சும் சூடும் இன்னும் கறாரா பார்க்கணும்" என்றேன். அந்தக் கரைசலில் வருஷக்கணக்கில் கையை விட்டு வேலை செய்தவர்களுக்குத் தோலிலும் மூக்கிலும் புண் வருவதற்கும் அதுதான் காரணம் என்பதையும் சொன்னேன். மனிதர் கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தார். மறுநாள் கெமிக்கல் சப்ளையரைக் கூப்பிட்டுவிட்டார்.

பாதுகாப்புச் சுருக்கங்களில் எனக்குப் பிடித்தது லோட்டோ. பழுதுபார்க்கும்போது மெஷினின் மெயினை அணைத்துப் பூட்டி, சீட்டு மாட்டுவது. இதை விளக்கப் பேச்சே வேண்டாம். பூட்டை மாட்டியவர் பாக்கெட்டில்தான் சாவி இருக்க வேண்டும், மூன்று பேர் உள்ளே கை வைத்தால் மூன்று பூட்டு. இதைச் செய்து காட்டினால் முடிந்தது. சீட்டை மட்டும் மாட்டிவிட்டுப் பூட்டை அலமாரியில் வைத்திருக்கிற இடங்களில் மட்டும் நான் குரலை உயர்த்துவேன்.

இப்போது எல்லா லைனிலும் டி.வி. தொங்குகிறது. அதில் ஓ.இ.இ. என்று ஒரு சதவீதம் ஓடுகிறது. பச்சையிலிருந்து சிவப்புக்குப் போனால் ஆபரேட்டர் முகம் மாறுகிறது. தன்னைத்தான் எடை போடுகிறார்கள் என்று நினைக்கிறார். மேனேஜர்களோ மூன்று பின்னங்களின் பெருக்கல் என்று ஸ்லைடு போடுவார்கள். நான் சாக்பீஸ் எடுத்து ஒரு நாள் கணக்கு எழுதுவேன். ஷிஃப்ட்டில் சாப்பாடு போக 450 நிமிஷம். நிமிஷத்துக்கு 2 பீஸ். அப்படியானால் 900 வரவேண்டும். நல்ல பீஸ் வந்தது 720. ஓ.இ.இ. 80 சதவீதம், அவ்வளவுதான். மீதி 180 எங்கே போனது என்று கேட்பதுதான் முக்கியம். டை மாற்ற 45 நிமிஷம் ஆனது, அதில் 90. ஃபீடர் அடைத்து அடைத்து நின்றதில் 81. ரிஜெக்ட் 9. "இதுல உங்க கையால போனது எது?" என்று கேட்பேன். டை எடுக்கக் கிரேனுக்குக் காத்திருந்தோம், ஃபீடர் ஸ்பிரிங் போய் மாசம் ஆகுது என்று பேச்சு தொடங்கும். எண்ணைக் கண்டு பயந்தவர் எண்ணைக் காட்டி ஸ்பிரிங் கேட்கத் தொடங்குகிறார்.

ஆட்களும் மாறிவிட்டார்கள். சோழம்பேடு ரோடு, மணிகண்டபுரம் பக்கம் வாடகை அறைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள். என் தமிழ்க் குறிப்பு அவர்களுக்கு எட்டாது. இந்தியில் எழுதினாலும் ஒடிசாப் பையனுக்கு முழுசாக எட்டாது. அதனால் எழுத்தைக் குறைத்துவிட்டேன். நல்ல பீஸ் ஒன்று, எல்லைக்கோட்டில் இருக்கிற பீஸ் ஒன்று, தேறாத பீஸ் ஒன்று, மூன்றையும் பலகையில் திருகி மாட்டிவிடுகிறேன். கையால் தடவிப் பார்க்கலாம்.

ஆனால் எந்த வகுப்பு முடிந்தாலும், தமிழ் ஆளோ வடக்கத்திப் பிள்ளையோ, தனியாக வந்து கேட்பது பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பற்றித்தான். குவாலிட்டிக்காரன் வேலை இல்லை என்று நான் தட்டிக்கழித்ததில்லை. சம்பளச் சீட்டையே பாடமாக்கினேன். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் உங்களிடம் பிடிப்பது 12 சதவீதம், 1,800 ரூபாய். கம்பெனியும் 1,800 போட வேண்டும். அதில் 1,250 பென்ஷன் கணக்குக்கும் 550 உங்கள் பி.எஃப். கணக்குக்கும் போகிறது. ஈ.எஸ்.ஐ.க்கு மொத்தச் சம்பளம் 18,000 என்றால் உங்களிடம் 135, கம்பெனி 585. அந்த 135 ரூபாய்க்குத்தான் அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் உங்களுக்கும் வீட்டாருக்கும் வைத்தியம், லீவு எடுத்தால் பணம், அடிபட்டால் உதவித்தொகை. சீட்டில் பிடித்தம் இருந்து கணக்கில் ஏறாமல் இருந்தால் அன்றைக்கே கேட்க வேண்டும், இரண்டு வருஷம் கழித்துக் கேட்டால் கான்ட்ராக்டரே இருக்கமாட்டார்.

கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யு.ஏ.என். 2014-ல் வந்தது. அதற்கு முன்னால் கம்பெனி மாறினால் புது பி.எஃப். எண். பழையதை மாற்ற ஃபாரம் 13 போட வேண்டும், பாதிப் பேர் போடவே மாட்டார்கள். எஸ்டேட்டில் ஆள் அதே மெஷினில் நின்றுகொண்டிருப்பார், கான்ட்ராக்டர் பெயர் மட்டும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் டைப்பிங் சென்டரில் யாராவது "10 சி. போட்டா பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துடலாம்" என்று சொல்லி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கையில் சில ஆயிரம் வரும். அந்த சர்வீஸ் அத்தோடு அழிந்துவிடும். பென்ஷனுக்கு வேண்டியது பத்து வருஷ சர்வீஸ், இடையில் இடைவெளி இருந்தால்கூடப் பரவாயில்லை, எடுக்காமல் விட்டிருந்தால் கூட்டிக்கொள்ளலாம். 10 சி. என்ற அந்த மூன்று எழுத்துக்குள் ஒரு மனிதரின் வயோதிகக் காலச் சோறு இருக்கிறது என்பதை எந்த நோட்டீஸ் போர்டிலும் நான் பார்த்ததில்லை.

போன வருஷம் பிரஸ் ஷாப்பில் ஹெல்ப்பராக இருக்கிற ஒருவர், ஐம்பத்தாறு வயது இருக்கும், மஞ்சள் பையில் பழைய சீட்டுகளையெல்லாம் கொண்டுவந்தார். "பொண்ணு கல்யாணம் சார், 10 சி. போட்டு எல்லாத்தையும் எடுத்துடலாம்னு இருக்கேன்." உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு யு.ஏ.என். இருந்தது. ஒன்றில் ஆறு வருஷத்துக்குக் கொஞ்சம் கூட, மற்றதில் நாலரை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் பென்ஷன் கிடையாது. முகப்பேர் பி.எஃப். ஆஃபீஸுக்கு அவரோடு போனேன். ஆதாரில் இருந்த பெயருக்கும் பழைய கணக்கில் இருந்த பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம், அதைத் திருத்தப் பழைய கம்பெனியில் கையெழுத்து வாங்க அலைந்தோம். கல்யாணத்துக்கு பி.எஃப். கணக்கிலிருந்து மட்டும் அட்வான்ஸ் எடுத்தார், பென்ஷன் கணக்கைத் தொடவில்லை. இரண்டு எண்ணும் ஒன்றாகி, சர்வீஸ் பத்து வருஷத்தைத் தாண்டிவிட்டது. 58 முடிந்ததும் அவர் போட வேண்டியது 10 டி. அந்த ஃபாரத்தின் பெயரையும், எப்போது போட வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி அவர் வீட்டம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அவருக்கு ஏதாவது ஆனால் குடும்பப் பென்ஷன் அந்த அம்மாவுக்குத்தான் வரும், அதற்கும் அதே ஃபாரம்தான் என்று கீழே சேர்த்திருக்கிறேன்.